கோடை முகாம்: 9 வயசுக்கும் 14 வயசுக்கும் ஒரே இடம் சரிப்படுமா?

தேன்சிட்டு:
வீட்டில் இரண்டு பேர். மகளுக்கு 9, மகனுக்கு 14. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், விடுமுறை முழுக்க அவர்களை வீட்டில் தனியாக விட வழியில்லை. கையில் நாலைந்து முகாம்களின் விளம்பரத் தாள்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்தான்: நீச்சல், ஓவியம், ரோபாட்டிக்ஸ், யோகா, ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மகள் எங்கே அனுப்பினாலும் சிரித்துக்கொண்டே போவாள், ஆனால் ராத்திரி ஆனால் அம்மா வேண்டும். மகன் எங்கேயும் வரமாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் சேர்த்தால் கொண்டுபோய் விட, கூட்டிவர எனக்கு வசதி. தங்கும் முகாமா, பகல் முகாமா? அனுப்பிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய முகாம்காரன்:
அந்தப் பட்டியலை மடித்து ஓரமாக வையுங்கள் தங்கச்சி. நான் பல வருடம் தங்கும் முகாம்களில் பிள்ளைகளோடு கிடந்தவன். என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைவிட யார் கூட இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

போன் போட்டுக் கேளுங்கள்: பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கப்போகிறவருக்கு என்ன வயசு, போன வருடமும் அவர்தான் இருந்தாரா, அவர் பொறுப்பில் எத்தனை பேர்? அமெரிக்க முகாம் சங்கம் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. 6 முதல் 8 வயது வரை பகல் முகாமில் 8 பிள்ளைக்கு ஒருவர், தங்கும் முகாமில் 6 பிள்ளைக்கு ஒருவர். 9 முதல் 14 வரை பகலில் 10 பேருக்கு ஒருவர், தங்கினால் 8 பேருக்கு ஒருவர். எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு உரைகல்லாக இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, சில இடங்களில் சமையலறையில் இருப்பவரையும் ஆபீசில் ரசீது போடுபவரையும் சேர்த்து எண்ணி அழகாக ஒரு கணக்குச் சொல்வார்கள். "சாப்பிட்டு முடித்து அடுத்த வகுப்பு தொடங்கும் வரைக்கும் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள், குட்டு வெளியே வந்துவிடும். அடி, சண்டை, கேலி, அழுகை எல்லாம் நடப்பது அந்த இடைவேளையில்தான், நீச்சல் வகுப்பிலோ ஓவிய வகுப்பிலோ அல்ல.

இன்னொரு கேள்வி: ஒரு பிள்ளை "எனக்கு இது வேண்டாம்" என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? "எங்கள் முகாமில் அப்படி யாரும் சொன்னதே இல்லை" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போன் போடுங்கள்.

ஒரே இடத்தில் இருவரையும் சேர்ப்பதில் தப்பில்லை. ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள், "தங்கச்சியைப் பார்த்துக்கோ" என்றும் சொல்லி அனுப்பாதீர்கள். சொன்னால் உங்கள் மகனுக்கு அது விடுமுறை இல்லை, காவல் வேலை.

ரெண்டுங்கெட்டான்:
எல்லாமே பெற்றோரின் குற்ற உணர்ச்சியைக் காசாக்குகிற வேலை. பிள்ளைகளைச் சும்மா விடுங்கள். போரடிக்கட்டும். போரடித்தால்தான் தானாக எதையாவது நோண்டும், பிரிக்கும், உடைக்கும், கற்றுக்கொள்ளும். நம்மை யார் முகாமுக்கு அனுப்பினார்கள்?

தேன்சிட்டு:
சும்மா விடுவதற்கும் வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே ஐயா. நீங்கள் வருகிறீர்களா?

ரெண்டுங்கெட்டான்:
கேள்வி நியாயம்தான், என்னைக் கூப்பிடாதீர்கள். ஆனால் நான் சொன்னதில் பாதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள். முகாமின் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை முக்கால் மணி நேரத்துக்கு ஒரு வகுப்பு, மணி அடித்தால் அடுத்த வகுப்பு என்று இருந்தால் அதுவும் ஒரு பள்ளிக்கூடம்தான். இஷ்டப்படி விளையாட ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், அந்த நேரத்திலும் யாராவது ஒரு பெரியவர் கண் வைத்திருக்க வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கணக்கு டீச்சர்:
விடுமுறையில் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று பயமுறுத்தி "பிரிட்ஜ் கோர்ஸ்" விற்கிற முகாம்களும் உண்டு, அதனால் ஒரு விஷயம். 1996ல் ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் அதுவரை வந்த 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு மதிப்பெண் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குகிறது, கணக்குப் போடுவதிலும் எழுத்துக்கூட்டலிலும் அது கூடுதல் என்று வந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் நடுவிலான இடைவெளி கோடையில்தான் பெருகுகிறது என்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த ஒரு நீண்ட ஆய்வும் சொன்னது. 2019ல் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் அதே கேள்வியைப் புதிய தேர்வுகளின் எண்களை வைத்துப் பார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை, பழைய தேர்வுகளில் அளக்கும் முறையிலேயே கோளாறு இருந்தது என்றார். ஆகவே பயந்து போய் காலையில் கணக்கு, மதியம் ஆங்கிலம் என்று இருக்கிற முகாமில் சேர்க்காதீர்கள். நான் வகுப்பெடுப்பவள், நானே சொல்கிறேன். மகளுக்குப் பிடித்த கதைப் புத்தகங்கள் கொஞ்சம் கிடைத்தால் போதும், அதுவும் நீங்கள் தேர்ந்தெடுத்தது அல்ல, அவள் தேர்ந்தெடுத்தது.

அரைத்தூக்கம்:
எனக்கு 16. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் சங்கத்தின் சார்பில் பேசுகிறேன். தேன்சிட்டு அக்கா, அவன் சோம்பேறி இல்லை. இந்த வயசில் ராத்திரி தூக்கம் வருகிற நேரமே தள்ளிப் போகும், ஆனால் 13 முதல் 18 வயது வரைக்கும் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016லேயே சொல்லியிருக்கிறது. (அம்மாவுக்குக் காட்டுவதற்காகத் தேடி வைத்திருக்கிறேன்.) விடியற்காலை 5 மணிக்கு விசில் ஊதி எழுப்புகிற முகாம் என்றால் யாராக இருந்தாலும் வரமாட்டேன் என்றுதான் சொல்வோம்.

அப்புறம் விளம்பரத் தாளை நீட்டி "இதில் எது வேண்டும்" என்று கேட்காதீர்கள். எல்லாப் படத்திலும் சின்னப் பிள்ளைகள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு சிரிப்பார்கள். அதைப் பார்த்தவுடனே எங்களுக்கு விஷயம் புரிந்துவிடும், நாங்கள் அங்கே பெரிய குழந்தையாகத்தான் உட்கார வேண்டும் என்று. எங்களை எதற்காவது தேவைப்படும் ஆளாக நடத்துங்கள். போன வருடம் நான் ஒரு பகல் முகாமில் உதவியாளாகப் போனேன். பந்துகளுக்குக் காற்றடிப்பது, வரிசையில் கடைசியாக நடந்து யாரும் பின்தங்காமல் பார்ப்பது, ஷூ லேஸ் கட்டிவிடுவது, இவ்வளவுதான். ஆனால் ஒரு குட்டிப் பையன் நான் வந்தால்தான் கயிறு ஏறுவேன் என்று கீழேயே நின்றான். எந்த தலைமைப் பண்பு வகுப்பிலும் அப்படி ஒரு விஷயம் எனக்குக் கிடைத்ததில்லை.

பழைய முகாம்காரன்:
தம்பி சொல்வது முழுக்கச் சரி. நிறைய முகாம்களில் 15, 16 வயசுக்காரர்களுக்கு உதவித் தலைவர் பயிற்சி என்று தனியாக வைத்திருப்பார்கள். 14 என்பதுதான் அந்தரத்தில் தொங்கும் வயசு. அந்த வயசுக்கு முடிவு என்று ஒன்று இருக்கிற வேலையாகத் தேடுங்கள்: ஒரு நாடகத்தை மேடையேற்றுவது, சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது, குறும்படம் எடுப்பது, முதுகுப்பையோடு இரண்டு மூன்று நாள் நடைப்பயணம். நாளுக்கு ஒரு கலை என்று ருசி காட்டுகிற முகாம் 9 வயசுக்கு நன்றாக இருக்கும், 14 வயசுக்கு எரிச்சல்தான் வரும்.

ரோபாட்டிக்ஸ் என்று போட்டிருந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள், ஒரு உதிரிபாகப் பெட்டிக்கு எத்தனை பிள்ளைகள்? ஆறு பேருக்கு ஒரு பெட்டி என்றால் ஒருவன் பூட்டுவான், ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கணினியில் நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்றால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2007ல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது, 8 முதல் 16 வயதுக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. அதற்கு முகாம் தேவையில்லை.

நீச்சல்குளம்:
குளத்தங்கரையில் வேலை செய்பவன். பட்டியலில் முதலில் நீச்சல் என்று போட்டிருக்கிறார்கள் என்றீர்கள், எனவே குறுக்கிடுகிறேன்.

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் தெரியுமா என்று தண்ணீரில் இறக்கிச் சோதித்துப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். பெற்றோர் எழுதிக்கொடுத்த "நன்றாக நீந்துவான்" என்பதை நம்பி ஆழத்தில் விடும் இடம் வேண்டாம். அடுத்தது ஜோடி முறை. நல்ல இடத்தில் எப்படி நடக்கும் என்றால், பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக இறங்குவார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசில். விசில் கேட்டதும் எல்லோரும் அப்படியே நின்று ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்குவார்கள். மேலிருந்து ஒருவர் ஒவ்வொரு ஜோடியாக எண்ணுவார், கரையில் இன்னொருவர் பலகையில் மாட்டியிருக்கும் பெயர் வில்லைகளோடு அந்த எண்ணிக்கையைச் சரிபார்ப்பார். ஒன்று குறைந்தாலும் குளம் முழுக்கக் காலி. இதை நேரில் போய்ப் பாருங்கள். எண்ணுகிறவர் ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு எண்ணினால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மூழ்குகிற பிள்ளை கத்தாது. சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்கு மேலே வருவதும் கீழே போவதுமாக இருக்கும், மூச்சிழுக்கவே நேரம் போதாது, அப்புறம் எங்கே கத்துவது? இப்படி மேலே போராடுவது 20 முதல் 60 விநாடிதான். உயிர்காப்பாளர்களுக்கு 10/20 என்று ஒரு கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்: 10 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும், அடுத்த 20 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரே காவலும் பார்க்கிறார் என்றால் காவல் இல்லை என்று அர்த்தம்.

தேன்சிட்டு:
இதையெல்லாம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது, எழுதி வைத்துக்கொண்டேன். மகளின் ராத்திரிப் பிரச்சனைக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். "பிடிக்கலைன்னா போன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லி அனுப்பினால் தைரியமாகப் போவாளா?

பழைய முகாம்காரன்:
அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வரியை எல்லாப் பெற்றோரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் பிள்ளையின் காதில் விழுவது வேறு: "நீ சமாளிப்பாய் என்று அம்மாவுக்கே நம்பிக்கை இல்லை." முதல் நாள் ராத்திரி லேசாக மனம் கலங்கியவுடன் அந்த வாக்குறுதி ஞாபகம் வரும், அப்புறம் வேறு எதிலும் மனம் ஒட்டாது. நீங்கள் வராவிட்டால் ஏமாற்றியது போல் ஆகும், வந்தால் அவள் தோற்றது போல் ஆகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007ல் வீட்டு ஏக்கம் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது, கிறிஸ்டஃபர் தர்பரும் எட்வர்ட் வால்டனும் எழுதியது. அதிலும் இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

அதற்குப் பதிலாக முகாமுக்குப் போவது என்ற முடிவில் அவளையும் சேருங்கள், போகச் சொல்லி முடிவெடுத்துவிட்டுச் சம்மதம் கேட்காதீர்கள். அதற்கு முன்பே சொந்தக்காரர் வீட்டிலோ சிநேகிதி வீட்டிலோ இரண்டொரு ராத்திரி தங்கவையுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் போன் செய்யாமல் இருந்து பழகுங்கள் (இது உங்களுக்கான பயிற்சி). "வீட்டு ஞாபகம் வரும், எல்லோருக்கும் வரும், வந்தால் என்ன செய்வாய்?" என்று பேசி, அவளே இரண்டு மூன்று வழி சொல்லட்டும். நாட்காட்டியில் எத்தனை நாள் என்று குறித்துக் காட்டுங்கள், 9 வயசுக்கு "பத்து நாள்" என்றால் முடிவே இல்லாதது மாதிரி இருக்கும். கடிதம் எழுதலாம், ஆனால் "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது, நாய்க்குட்டி உன்னையே தேடுகிறது" என்று எழுதிவிடாதீர்கள் தாயே. அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு அழுத பிள்ளைகளை ராத்திரி முழுக்கச் சமாதானப்படுத்தியது நாங்கள். பகலில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையும் போனில் அம்மா குரலைக் கேட்டதும் உடைந்துவிடும், அதனால்தான் பல முகாம்களில் போன் கிடையாது. அது கொடுமை இல்லை.

இந்த வருடம் பகல் முகாம், அல்லது இரண்டு மூன்று ராத்திரி மட்டும் உள்ள சின்ன முகாம். நீளமானது அப்புறம். சாப்பிடாமல், தூங்காமல் நாள்கணக்கில் போனால் அது வேறு விஷயம், அப்போது முகாம்காரர்களே உங்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுக்குசால்:
போன் பேச்சு வந்ததால் ஒன்று. கலிஃபோர்னியாவில் யால்டா உல்ஸ் குழுவினர் 2014ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் எந்தத் திரையும் இல்லாமல் வெளிப்புற முகாமில் இருந்த சுமார் 50 பிள்ளைகள், முகத்தைப் பார்த்து மற்றவரின் உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் வழக்கம் போல் இருந்த பிள்ளைகளைவிட அதிகம் முன்னேறினார்கள். சின்ன ஆய்வுதான், திரை இல்லாததாலா அல்லது நாள் முழுக்க நேருக்கு நேர் பழகியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் நமக்கு லாபம்தான்.

எனக்கும் ஒரு கேள்வி. நாங்கள் பார்த்த முகாமில் முதல் நாளே இரண்டு அணியாகப் பிரித்து, தனிக் கொடி, தனிக் கோஷம், கடைசி நாள்வரை புள்ளிக் கணக்கு. பையன் குஷியாக இருக்கிறான். எனக்குத்தான் உறுத்துகிறது.

கணக்கு டீச்சர்:
உறுத்த வேண்டியதுதான். 1954ல் முசாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் இதையே சோதனையாகச் செய்தார். முகாம் என்று சொல்லித்தான் 22 பையன்களை அழைத்துப் போனார்கள், எல்லோருக்கும் 11 வயசு வாக்கில். இரண்டு குழுவையும் ஆரம்பத்தில் ஒருவரையொருவர் பார்க்கவே விடவில்லை. கழுகுகள், விரியன்கள் என்று தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். பரிசுப் போட்டி தொடங்கியதும் வசவு, கொடியை எரிப்பது, அடுத்தவர் குடிலுக்குள் புகுந்து சூறையாடுவது என்று போய்விட்டது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவைத்தால் சரியாகும் என்று பார்த்தால் சாப்பாட்டையே எறிந்து சண்டை. குடிநீர் வருவது நின்றுபோய் எல்லோரும் சேர்ந்து அடைப்பைக் கண்டுபிடிக்க வேண்டி வந்தபோது, வண்டியைக் கயிறு கட்டி எல்லோரும் இழுக்க வேண்டி வந்தபோதுதான் பகை இளகியது. (அடைப்பும் வண்டிப் பழுதும் ஆய்வாளர்களே ஏற்பாடு செய்தது.)

எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்கு முந்தைய வருடம் நடந்தது. 1953ல் நியூயார்க் மாநிலத்தில் ஷெரீஃப் இதே மாதிரி ஒரு முயற்சி செய்தார். அங்கே பையன்களை முதலில் எல்லோருடனும் பழகவிட்டு அப்புறம் பிரித்தார்கள். எவ்வளவு மூட்டிவிட்டாலும் அவர்கள் சண்டைக்கு வரவில்லை, சோதனை பாதியில் நின்றது. ஆகவே அணி பிரிப்பதே தப்பு என்று சொல்லமாட்டேன், முதல் நாளே பிரிக்காதீர்கள், அணிகளை நடுநடுவே கலைத்துப் போடுங்கள் என்று முகாம்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

ரெண்டுங்கெட்டான்:
கடைசி நாள் சான்றிதழ், மெடல், மேடை, புகைப்படம். அதையும் யாராவது திட்டுங்கள்.

கணக்கு டீச்சர்:
1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று. ஸ்கெட்ச் பேனாவில் ஆசையாகப் படம் வரையும் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்த பிறகு கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள் தாங்களாகப் பேனாவை எடுப்பதே குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. திட்டியாயிற்றா?

மருந்துப்பெட்டி:
நர்ஸ். இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலாவது யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி அங்கே எழுத்தில் இருக்கிறதா? கழிவறை, உடைமாற்றும் இடம், தூங்கும் கூடம், வண்டிப் பயணம், நான்குக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வேலைக்கு எடுக்கும்போது பின்னணி விசாரித்தீர்களா என்றும் கேளுங்கள். கேட்டதற்கு யாராவது முகம் சுளித்தால் அதுவே பதில். மகளிடம், மகனிடமும்தான், "ரகசியமாக வைத்துக்கொள் என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் என்னிடம் சொல்" என்று சொல்லி அனுப்புங்கள்.

இரண்டாவது வெயில். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், ஆகவே முதல் சில நாட்களில் மதிய ஓட்டம், பந்தயம் எல்லாம் வைக்கும் முகாம் வேண்டாம். தாகம் எடுத்தால் குடி என்று விடாமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். பேச்சுக் குழறினால், தடுமாறினால், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் அது வெப்பத்தாக்கு, உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியுமா?

குறுக்குசால்:
என் பையனுக்கு ஆஸ்துமா. மருந்தையெல்லாம் ஆபீசில் வாங்கி பீரோவில் பூட்டி வைப்போம் என்கிறார்கள்.

மருந்துப்பெட்டி:
மாத்திரைகளைப் பூட்டி வைக்கட்டும், அது நல்லதுதான். மருந்துக்கடை அட்டையோடு, வேளை எழுதிய சீட்டோடு கொடுங்கள், டப்பாவில் கொட்டிக் கொடுக்காதீர்கள். மூச்சுத்திணறலுக்கு உடனே இழுக்கும் இன்ஹேலர் மட்டும் பீரோவுக்குள் போகக் கூடாது. பையனுக்குத் தானே எடுத்துக்கொள்ளத் தெரியும் என்றால் அவன் இடுப்புப் பையில், இல்லையென்றால் அவன் குழுவோடு நடக்கிறவரின் பையில். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு முகாம் பாருங்கள்.

அரைத்தூக்கம்:
கடைசியாக ஒன்று. துணிகளில் பெயர் எழுதும்போது உள்பக்கம் எழுதுங்கள். வெளியே கொட்டை எழுத்தில் எழுதினால் தெரியாதவன்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். சாக்ஸில் எழுத மறக்காதீர்கள். நான் உதவிக்குப் போன முகாமில் கடைசி நாள் மிச்சமானது முழுக்க ஒற்றைச் சாக்ஸ்கள்தான், ஒரு பை நிறைய.